கூடிப் பேசுதலும் சோதித்து அறிதலும்
(காவல் மனநல மருத்துவமனைகளில் குழுச் சிகிச்சை பற்றிய பாடம்)



சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சொற்பொழிவு முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், வயது முதிர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்து நின்றார். அவருடைய மகன் நோய் முற்றிய நிலையில் தன் உறவினர் ஒருவரையே வெட்டிவிட்டவன். சித்தசுவாதீனமற்ற நிலையில் செய்த செயல் என்று கண்டு, நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக் காவலில் வைத்திருக்கிறது. அந்தத் தாய் கேட்டார்: “ஐயா, அங்கே பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொல்லப் போகிறார்களாம். மாத்திரை கொடுத்தால் எனக்குப் புரிகிறது. பேச்சு எப்படி மருந்தாகும்? அதைச் சோதித்துப் பார்க்கிறோம் என்று காகிதம் காட்டுகிறார்கள். கையெழுத்துப் போடட்டுமா?”

நாம் சற்றும் தயங்காமல், “நல்ல காரியம்தானே அம்மா, போடுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். கூடிப் பேசுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, கூடிப் பேசுவதில் தீங்கு இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. வீடு சேர்ந்த பிறகுதான், அறியாததை அறிந்ததுபோல் சொல்லிவிட்டோமே என்ற எண்ணம் உறுத்தியது. அன்று முதல் தேடிப் படித்தவற்றை இப்பாடத்தில் முறையாக வைக்கிறோம். நமது பிழை வாசகர்களுக்கேனும் பயன்படட்டும்.

1. இடம் எத்தகையது?

குற்றம் செய்தவர்களில் சிலர், செய்த நேரத்தில் தாம் செய்வது இன்னதென்றே அறியாத நோயாளிகளாய் இருந்தவர்கள். அவர்களைத் தண்டிப்பது நீதியன்று. அப்படியே வெளியே விடுவதும் பாதுகாப்பன்று. ஆகவே பூட்டிய கதவும் வைத்தியமும் ஒருங்கே அமைந்த இடங்களைப் பல நாடுகள் உண்டாக்கின. இங்கிலாந்தில் பிராட்மூர் மருத்துவமனை 1863இல் திறக்கப்பட்டது. அதற்குள் முதன்முதலாக வந்தவர்கள் பெண்களே. இன்று அந்நாட்டில் பிராட்மூர், ராம்ப்டன், ஆஷ்வொர்த் ஆகிய மூன்றும் மிகுந்த காவல் உடைய மருத்துவமனைகள். அவற்றினும் காவல் சற்றுக் குறைந்த நடுத்தரக் காவல் மருத்துவமனைகள் பல ஊர்களில் உள்ளன.

இங்கே அடைபட்டவனுக்குச் சிறைக்கைதிக்கு உள்ள ஒரு நிச்சயம்கூட இல்லை. கைதிக்கு விடுதலை நாள் பெரும்பாலும் தெரியும். இவனுக்கோ, தேறிவிட்டான், இனி ஆபத்தில்லை என்று மற்றவர்கள் நம்பும் நாள்தான் விடுதலை நாள். இதனை மனத்தில் இருத்துங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுவே வேர்.

2. பேச்சு எப்படி மருந்தாயிற்று?

1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், தனி விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற காசநோயாளிகளை ஒன்றுகூட்டி வகுப்பு நடத்தினார். நோயைப் பற்றிக் கற்பிக்கவே கூட்டினார். ஆனால் ஒருவர் தேறுவதைக் கண்டு மற்றவர் ஊக்கம் பெறுவதையும், துன்பம் பொதுவானது என்று அறிந்ததும் மனம் தளர்ச்சி நீங்குவதையும் கண்டார். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில், மனம் உடைந்த போர்வீரர்களைக் குழுக்களாக அமைத்துப் பேசவும் வேலை செய்யவும் வைத்தனர். குழுச் சிகிச்சை பரவியதில் அந்த அனுபவத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

காவல் மருத்துவமனையில் இப்போது நடக்கும் குழு பெரும்பாலும் இவ்வாறு இருக்கும். ஆறு முதல் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பர். பயிற்சி பெற்ற இருவர் நடத்துவர். நோய் திரும்பி வரும்போது முதலில் தோன்றும் அடையாளங்கள் எவை, சினம் எழுந்ததும் கையை ஓங்குவதற்கு முன் வேறு என்ன செய்யலாம், எதிரே நிற்பவன் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று நாம் கருதுகிறோம், அது உண்மைதானா, இவ்வாறு ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவர். மாத்திரை மனமயக்கத்தைத் தணிக்கும். ஆனால் சண்டை வந்தால் எப்படி விலகுவது என்று கற்பிக்காது. ஆகவே மருந்தோடு பேச்சும் வேண்டும் என்னும் கருத்து நியாயமானதே.

ஆனால் நியாயமாகத் தோன்றுவது வேறு. உண்மையில் பயன் தருவது வேறு. இவ்விரண்டின் இடையே உள்ள தூரத்தை அளப்பதற்குத்தான் சோதனை தேவைப்படுகிறது.

3. நல்லெண்ணம் போதுமா? ஓக் ரிட்ஜ் தரும் பாடம்

கனடா நாட்டில் ஒண்டாரியோ மாகாணத்தில், பெனட்டாங்குயிஷீன் என்னும் ஊரில், ஓக் ரிட்ஜ் என்ற மிகுந்த காவல் உடைய மனநலப் பிரிவு இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே ஒரு புதுமையான திட்டம் நடந்தது. நோயாளிகளே ஒருவருக்கொருவர் வைத்தியர்கள் என்பது அதன் கொள்கை. வாரத்தில் ஏறக்குறைய 80 மணி நேரம் அவர்கள் குழுவாகவே இருந்தனர். சன்னலற்ற சிறு அறையில், உடையின்றி, அணையா விளக்கின் கீழ், பல நாட்கள் சிலரை ஒன்றாக அடைத்து வைத்தனர். சுவரிலிருந்த குழாய்கள் வழியே நீராகாரம் தந்தனர். மனத்தின் தற்காப்பைக் குலைப்பதற்கென்று எல்.எஸ்.டி. முதலிய மருந்துகளையும் கொடுத்தனர். அக்காலத்தில் இதனை முன்னேற்றமான முறை என்று புகழ்ந்தோர் பலர்.

அது பயன் தந்ததா? மார்னி ரைஸ், கிராண்ட் ஹாரிஸ், கேத்தரின் கார்மியர் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள், திட்டத்தில் இரண்டாண்டுகளேனும் இருந்தவர்களையும், வயதிலும் குற்றத்திலும் அவர்களை ஒத்திருந்து திட்டத்தில் சேராதவர்களையும், வெளியே சென்ற பின் சராசரியாகப் பத்தாண்டுகள் வரை பின்தொடர்ந்து கணக்கெடுத்து 1992இல் வெளியிட்டனர். பிறர் துன்பம் மனத்தில் படாத இயல்புடையோரைச் சைக்கோபத் என்பர். அவ்வியல்பு இல்லாதவர்களில், திட்டத்தில் இருந்தோர் நூற்றுக்கு 22 பேர் மீண்டும் வன்முறை செய்தனர். இராதோர் நூற்றுக்கு 39 பேர் செய்தனர். இதுவரை நன்மையே. ஆனால் அவ்வியல்பு உடையவர்களிலோ, திட்டத்தில் இராதோர் நூற்றுக்கு 55 பேர் மீண்டும் வன்முறை செய்திருக்க, திட்டத்தில் இருந்தோர் நூற்றுக்கு 75 பேருக்கும் மேல் செய்திருந்தனர்!

ஒரே வட்டத்தில் உட்கார்ந்து ஒரே பேச்சைக் கேட்டவர்களில், ஒரு சாரார் திருந்தினர். மற்றொரு சாரார் முன்னினும் கெட்டனர். பிறர் மனத்தை அறியும் வழியைக் கற்ற அவர்கள், அதனைப் பிறரை ஏய்ப்பதற்கே பயன்படுத்தினர் போலும் என்பது ஆராய்ச்சியாளர் கூறிய விளக்கம். இந்த ஆராய்ச்சியிலும் குறையுண்டு. யார் சேர்வது, யார் சேராதிருப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. பழைய ஏடுகளைக் கொண்டு பின்னாளில் ஒப்பிட்டனர். எனினும், பேச்சு நன்மை செய்யாவிட்டாலும் தீமை செய்யாது என்ற எண்ணத்தை இது தகர்த்துவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. அங்கே அடைபட்டிருந்த முன்னாள் நோயாளிகள் முதுமையில் வழக்குத் தொடுத்தனர். 2020இல் ஒண்டாரியோ நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புக் கூறியது. பின்னர் நஷ்டஈடும் விதிக்கப்பட்டது. வைத்தியம் என்ற பெயரால் மட்டும் ஒரு செயல் வைத்தியமாகிவிடாது என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து நீதி உரைத்தது.

4. நேர்மையான சோதனை எது?

நாம் பஞ்சாலையில் ரிங் பிரேமில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். நூலின் உறுதியைப் பார்க்க வேண்டுமானால் பல பிரேம்களிலிருந்து, பல கதிர்களிலிருந்து, கைக்கு வந்த பாபின்களை எடுக்க வேண்டும். 120 கஜம் கொண்ட லீயாகச் சுற்றி, எடை பார்த்து, எத்தனை பளுவில் அறுகிறது என்று குறிக்க வேண்டும். நாம் இளைஞனாக இருந்தபோது, ஓர் ஆலையில் மேற்பார்வையாளர் ஒருவர், நூல் வாங்குவோர் வரும் நாளில் நல்ல பாபின்களாகப் பொறுக்கி வைப்பார். சோதனையில் நூல் வெற்றி பெறும். தறிக்குப் போனதும் இழை இழையாக அறும். அறுந்த இழைக்கு அபராதம் நெசவாளி தலையில் விழும்.

வைத்தியச் சோதனையும் இப்படியே. தேறக்கூடியவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக் குழுவில் சேர்த்தால், தேறியது குழுவாலா, பொறுக்கியதாலா என்று எவர் சொல்ல முடியும்? ஆதலால் சீட்டுக் குலுக்குவதுபோல், யார் விருப்பும் வெறுப்பும் புகாதபடி இரு பகுதியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சையோடு குழுச் சிகிச்சையும் பெறுவர். மறு பகுதியினர் வழக்கமான சிகிச்சை மட்டும் பெறுவர். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவர்.

இதனை மேல்நாட்டு விநோதம் என்று எண்ண வேண்டா. நமது சென்னையிலேயே 1956இல் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்குத் தனி விடுதியிலும் சிலருக்கு வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தனர். வீட்டு வைத்தியம் விடுதி வைத்தியத்துக்குக் குறைந்ததன்று என்று 1959இல் வெளிவந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீட்டில் நோய் தீராது என்று பெரிய வைத்தியர்களே கருதியிருந்த காலம் அது. சோதித்ததால் உண்மை தெரிந்தது. ஏழைக்கு வழி பிறந்தது.

5. பூட்டிய வார்டில் ஒரு சோதனை

காவல் மருத்துவமனையில் அத்தகைய சோதனை இயலுமா? இயலும் என்று காட்டியது இங்கிலாந்தில் நடந்த ஒன்று. ஆறு நடுத்தரக் காவல் மருத்துவமனைகளைச் சேர்ந்த 84 ஆண்கள் அதில் பங்கு கொண்டனர். கடும் மனநோயும் வன்முறை வரலாறும் உடையவர்கள். அவர்களுக்குக் கொடுத்தது, ரீசனிங் அண்ட் ரிஹாபிலிடேஷன் என்ற பெயரில் கனடாவில் உருவான 36 அமர்வுகள் கொண்ட சிந்தனைப் பயிற்சி. குலுக்கல் முறையில் பிரித்தனர். முடிவு 2012இல் வெளிவந்தது.

பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம் வசைமொழியும் மிரட்டலும் குறைந்தன. பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தும் அக்குறைவு நின்றது. பயிற்சி நடந்த காலத்தில், வெளியே சென்றுவர அளித்த அனுமதியை மீறுவதும் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் அதனை முடிக்கவில்லை.

இங்கேதான் பாபின் கதையை நினைக்க வேண்டும். முடித்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் வன்முறையும் போதைப் பழக்கமும்கூடக் குறைந்திருந்தன. ஆனால் முடித்தவர்கள் யார்? பெரும்பாலும் பொறுமை உடையவர்கள், நோய் தணிந்தவர்கள். அவர்கள் பயிற்சி இன்றியே தேறியிருக்கவும் கூடும். இடையில் அறுந்த இழைகளை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் காட்டி “எங்கள் நூல் உறுதியானது” என்று சொல்வது எப்படி? ஆகையால், முதலில் யார் யார் ஒதுக்கப்பட்டார்களோ அவர்கள் அனைவரையும், விட்டுப் போனவர்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது சோதனையின் அறம். அப்படிக் கணக்கிட்டும் நின்ற நன்மையே உறுதியான நன்மை.

இன்னும் சில இடர்ப்பாடுகள் உண்டு. 84 பேர் என்பது சிறிய எண். கொடிய வன்முறை அடிக்கடி நிகழ்வதன்று. ஆதலால் அது குறைந்ததா என்று அறிய அதிகம் பேரும் நீண்ட காலமும் வேண்டும். ஒரே வார்டில் உள்ளவர்களில் குழுவில் கற்றவன் கல்லாதவனுக்குச் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுகிறான். இரு பகுதிக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. சண்டைகளைக் குறிப்பேட்டில் எழுதும் ஊழியர், யார் குழுவில் இருக்கிறார் என்று அறிந்திருந்தால், அறியாமலே அவரிடம் கனிவு காட்டக்கூடும். இவற்றையெல்லாம் எண்ணி ஏற்பாடு செய்யாத சோதனை வெறும் விளம்பரமே.

6. நோயாளியின் சம்மதம்

இனி, எல்லாவற்றிலும் பெரிய வினா. பூட்டிய கதவுக்குள் இருப்பவன் “சரி” என்பது உண்மையான சம்மதமா? அவனுடைய விடுதலை, ஒத்துழைக்கிறான் என்ற நற்பெயரில் தொங்குகிறது. “மாட்டேன்” என்றால் குறிப்பேட்டில் என்ன எழுதுவார்களோ என்று அவன் அஞ்சுவான். குழுவில் மனம் திறந்து பேசியதே பின்னர் அவனுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுமோ என்றும் அஞ்சுவான்.

அடைபட்ட மக்கள்மீது நாஜி வைத்தியர்கள் நடத்திய கொடுமைகளுக்குப் பின், 1947இல் நியூரம்பர்க் நீதிமன்றம், மனிதரின் மனமொத்த சம்மதமின்றிச் சோதனை கூடாது என்று வகுத்தது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் விதிகளை மேலும் விரித்தது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 99ஆம் பிரிவில், மனநோய் உடையவர் எந்த ஆராய்ச்சியில் பங்கு கொள்வதற்கும் அவருடைய சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் வேண்டும் என்று கூறுகிறது. அவர் இடையில் அதனைத் திரும்பப் பெறவும் உரிமை தருகிறது.

பார்த்தீர்களா? அந்தத் தாய் “கையெழுத்துப் போடட்டுமா?” என்று கேட்டபோது நாம் முதலில் கேட்டிருக்க வேண்டியது, “உங்கள் மகன் என்ன சொல்கிறான் அம்மா?” என்பதே. நோயாளி என்பதாலும் குற்றம் செய்தவன் என்பதாலும் அவனுக்கு வாய் இல்லாமல் போய்விடவில்லை. மனிதனாக எண்ணப்படாமல் தலைமுறை தலைமுறையாக நின்ற நாமே அதனை மறந்துவிட்டோம். இதற்கு நாம் வெட்கப்படுகிறோம்.

7. நம்முடையது என்று விலக்குக் கேட்கலாமா?

இன்று பல காவல் மருத்துவமனைகளில் நடக்கும் குழுக்களில், மூச்சைக் கவனித்தல், எழும் எண்ணத்தை அதன்பின் ஓடாமல் நோக்குதல் ஆகிய பயிற்சிகளும் இடம்பெறுகின்றன. தம்மைத் தாமே வெட்டிக்கொள்ளும் நோயாளிகளுக்கென அமெரிக்க அறிஞர் மார்ஷா லினஹான் வகுத்த சிகிச்சை, ஜென் பௌத்தப் பயிற்சியிலிருந்து இதனை எடுத்துக்கொண்டது. இதைக் கேட்டு மகிழ்வது இயல்பு. ஆனால் நம்முடைய வழியிலிருந்து வந்தது என்பதற்காக அதற்குச் சோதனையிலிருந்து விலக்குக் கேட்கக்கூடாது. ஆராயாமல் ஒன்றை ஏற்கலாகாது என்பவர்கள், தமக்குப் பிடித்ததைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

8. முடிவு

நாம் அந்தத் தாயை மீண்டும் தேடிச் சென்று, “அன்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோம், மன்னிக்க வேண்டும்” என்று கூறி, கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் அதனை எடுத்துச் சென்று வைத்தியரிடம் கேட்டார். வைத்தியர் கோபிக்கவில்லை, உட்கார வைத்து ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். மகனிடமும் தனியாகப் பேசினார். மகன் இரண்டு வாரம் யோசித்துத் தானே கையெழுத்திட்டான். “பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாமாம், அதனால் ஒன்றும் கெடாதாம்” என்று தாயிடம் சொன்னானாம். அக்குழு அவனுக்குப் பயன்படுமா என்று இன்று நாம் சொல்ல மாட்டோம். அதை அறியத்தானே சோதனை.

நம் குடும்பங்களில் எவருக்கேனும் இந்நிலை வரின் கேட்க வேண்டியவை:

(1) நோயாளிக்கு அவர் அறிந்த மொழியில் எல்லாம் விளக்கப்பட்டதா? முடிவு அவருடையதா?

(2) மறுத்தாலும் இடையில் விலகினாலும், விடுதலைக்கோ வழக்கமான சிகிச்சைக்கோ குறை வராது என்று எழுத்தில் உள்ளதா?

(3) குழுவில் பேசியவை யார் யாருக்குத் தெரியும்?

(4) யார் எப்பகுதியில் சேர்வது என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்?

(5) இடையில் விட்டவர்களையும் கணக்கில் சேர்ப்பார்களா?

(6) ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதைக் கவனித்து நிறுத்துபவர் யார்?

படிப்பு வட்டங்களில் விவாதிக்க:

ஓக் ரிட்ஜ் திட்டத்தை நடத்தியவர்கள் தாம் நன்மை செய்வதாகவே நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை எந்த இடத்தில் தவறியது? நாம் நடத்தும் கூட்டங்களில், வந்து பயனடைந்தவர்களை எண்ணி மகிழ்கிறோம். வந்து பாதியில் நின்றுவிட்டவர்களை எப்போதேனும் எண்ணியிருக்கிறோமா?